ஜனவரி வெயிலில் மெரூன் ஸ்வெட்டர்

அந்த நாவலில் கொலை செய்தது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கடைசிப் பகுதியை நான் படிக்கவே இல்லை. துப்பறியும் கதையை முக்கால்வாசி படித்துவிட்டு மூடி வைக்கிறவளை என்னவென்று சொல்வது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றுமில்லை. அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலையை அதற்கு முன்பே செய்துவிட்டது.

குன்னூரில் எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதை எடுத்தேன். பூசணிக்காய், வாழைத்தார், பிளம் கேக், உயிர்க்கோழி என்று யார் எதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தாலும் அன்றைக்கு ஏலம் போகும். அந்த வருஷம் யாரோ பழைய பங்களாவைக் காலி செய்தவர்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்களைக் கொடுத்திருந்தார்கள். மேலாகக் கிடந்ததின் அட்டையில் வெடித்த செம்மண், தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பின்பக்கத்தில் ஆஸ்திரேலியா என்று ஒரு வார்த்தை. என் தங்கை ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அந்த ஒரு காரணத்துக்காகக் கை தூக்கினேன். சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர் சும்மா விளையாட்டுக்கு எனக்கு மேலே கேட்டார். வந்ததே எனக்குக் கோபம்! விடுவேனா? அவர் சிரித்துக்கொண்டே ஏற்ற, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்ற, கடைசியில் ஒரு நல்ல வான்கோழியின் விலைக்கு அந்தப் பழைய புத்தகம் என் கைக்கு வந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீத்தூள் ஏலக் கம்பெனியில் சாம்பிள் ரூமில் எனக்கு வேலை. ஃபாக்டரிகளிலிருந்து வருகிற தூளைக் கொதிநீரில் போட்டு, வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக ஊற்றி வைப்போம். உறிஞ்சிப் பார்த்துத் துப்ப வேண்டும். புதுத் தூளோடு பழைய தூளைக் கலந்திருக்கிறானா, புகை ஏறியிருக்கிறதா, அனுப்பினவன் சொன்னது நிஜமா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. எதையும் விழுங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இந்தப் புத்தி வீட்டுக்கும் என்னோடு வந்துவிடும். பால்காரர் முதல் போதகர் வரை யார் பேசினாலும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். ‘உனக்கு எதுலதான் சந்தேகமில்லை?’ என்று அம்மா கேட்பாள். கல்யாணமாகிக் கோயமுத்தூருக்குப் போய், அவன் யோக்கியதை தெரிந்து, பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். ‘பெரியவளுக்கு வேலை குன்னூருக்கு மாத்தலாயிருச்சுங்க’ என்று அம்மா அன்றைக்கு ஊருக்குச் சொன்னாள். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் அதையேதான் சொல்கிறாள்.

அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் ‘சின்னவ இருக்கற ஊர்க்கதையா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ‘அப்படீன்னா படிச்சுட்டு எனக்குச் சொல்லு’ என்றாள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் படித்ததைச் சொல்வது வழக்கமாயிற்று. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கதை. உப்பு ஏரி ஒன்றின் கரையில், சுரங்கம் மூடிப்போன ஒரு ஊர். பெட்ரோல் பங்க் வைத்திருந்தவன் காணாமல் போகிறான். விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறாள். நம் ஊர் டிவியில் வருகிற இன்ஸ்பெக்டருக்குச் சட்டை கசங்காது, தப்பு நேராது, பேசினால் பின்னால் மேளம் அடிக்கும். இவளுக்கோ கதை முழுக்கப் பல்வலி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஒரே பல் டாக்டர் இவள் விட்டுவிட்டு வந்த புருஷனின் தம்பி. அவனிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று வீங்கின கன்னத்தோடு கொலையை விசாரித்துக்கொண்டு திரிகிறாள். கார் நிறையக் காலி பாட்டில். வாயைத் திறந்தால் வசவு.

‘ஒரு கிராம்பு வெச்சுக் கடிக்கச் சொல்லு அவளை,’ என்றாள் அம்மா. மறுநாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், ‘அவளுக்குப் பல்லு எப்படியிருக்குது?’ என்று கேட்டாள்.

அப்படி இழுத்தது அது. கொலையாளி யார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த ஊரில் யாரும் நல்லவர் கிடையாது, முழுக்கக் கெட்டவரும் கிடையாது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் போய்க் கதவைத் தட்டினால் டீ கொடுப்பார்கள், கேக் கொடுப்பார்கள், வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். வாசலில் நின்று கையாட்டி அனுப்பிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார்கள். வெறும் மனுஷர்களை வைத்தே இத்தனை பயத்தைக் கிளப்ப முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ‘நம்ம ஊரு மாதிரியேதான் இருக்குது’ என்றாள் அம்மா. அப்போது நான் சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் கதையில் ஜனவரி வந்தது. அந்த ஊரில் ஜனவரி என்றால் தார் உருகுகிற வெயில். ஆடு மாடு நிழல் தேடி விழுகிறது, ஆண்கள் வெறும் பனியனோடு திரிகிறார்கள். அங்கே அப்போது கோடை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்தது வேறு, மண்டையில் ஏறுவது வேறு இல்லையா? அந்த வெயிலில், கால்பந்து கோச்சின் மனைவி மணிக்கட்டு வரை மூடின சட்டையோடு கடைக் கல்லாவில் நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் சிகரெட் வாங்கப் போனவள் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் திரும்பவும் போய், எதுவும் வாங்காமல், அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்தாள். ‘பால் பொங்குது’ என்றாள்.

அடுப்பில் பாலே இல்லை.

கேட்டதற்கு, ‘ஏதோ நெனப்பு’ என்றாள். நறுக்கின பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு ஜெபம் பண்ணப் போய்விட்டாள். அம்மாவுக்கு அது ஜெபம் பண்ணுகிற நேரமில்லை. முதல் சந்தேகம் எனக்கு அப்போது தட்டியது. ஆனால் எதைச் சந்தேகப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் ஊரின் ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அது குளிருக்குப் போடுகிற துணி. எங்களுக்கு அது உடம்போடு சேர்ந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே ஸ்வெட்டர் பின்னி வைத்துவிடுவோம். பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஸ்வெட்டர் உண்டு. கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, நகையெல்லாம் போட்டு, அதற்கு மேலே ஒரு ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு பந்தியில் உட்காருவோம். கோயமுத்தூருக்கு இறங்குகிற பஸ்ஸில், மேட்டுப்பாளையம் தாண்டி வியர்த்துக் கொட்டினால்கூட உடனே கழற்றத் தோன்றாது. ஒருத்தி ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள் என்பது எங்கள் கண்ணில் படவே படாது.

தங்கை ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் வருவாள். ஆராதனை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரம், அங்கே சாயங்காலம். மெல்பர்னிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில், வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் அவளுக்கு வேலை. அவள் புருஷன் சென்னைக்காரர். விவசாய மெஷின் விற்கிற கம்பெனியில் இருக்கிறார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே பந்திக்கு நாற்காலி தூக்கிப் போட்டவர். எங்கள் சர்ச்சில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். என்னை ‘அக்கா’ என்றும் அம்மாவை ‘அத்தை’ என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார். அவருடைய விசாவை ஒட்டித்தான் அவள் அங்கே இருக்கிறாள்.

கதையில் ஜனவரி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வந்தார்கள். அம்மா கோழிக்குழம்பு வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தட்டில் கை வைத்தபடி போனைப் பார்த்தேன். மாப்பிள்ளை கையில்லாத பனியன் போட்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கிளாஸில் ஐஸ் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெயில் அப்படியே மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் தங்கை, அம்மா பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டரில், மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. போனைப் பிடித்திருப்பது எப்போதும் அவர் கைதான். அவள் தனியாக ஒரு தடவைகூட வந்ததில்லை. கேள்வியை அவளிடம் கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும், அவள் தலையாட்டுவாள். போன கிறிஸ்துமஸுக்கும் இதே ஸ்வெட்டர்தான். நாங்கள் அதைப் பார்த்து, ‘உனக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்குது’ என்று சொன்னோம்.

வீடியோ கால் முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். ‘அவ எதுக்கும்மா இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டிருக்கா?’

‘ஏசி போட்டிருப்பாங்க.’

‘ஏசி போட்ட ஊட்ல அவரு எதுக்கு வேர்த்து ஒழுகறாரு?’

அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே, ‘புஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. துப்பறியறாளாமா துப்பு! உன்ற சோலியப் பாரு’ என்றாள். எப்போதும் திட்டுகிற திட்டுத்தான். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் திட்டினாள். அம்மா முகத்தைப் பார்க்காமல் திட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்தால் புத்தகத்தைக் காணோம். கட்டிலில் இல்லை, அடுப்படியில் இல்லை. ‘நானென்ன கண்டேன், நீதான் எங்கயாவது வெச்சிருப்பே’ என்றாள் அம்மா. எனக்கா தேடத் தெரியாது? கிறிஸ்துமஸ் குடில் சாமான் வைக்கிற தகரப்பெட்டியை அப்போதுதான் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தாள். அதை இறக்கி அவிழ்த்தேன். வைக்கோலுக்கு நடுவே, மேய்ப்பர்களுக்கும் ஒட்டகத்துக்கும் அடியில் கிடந்தது புத்தகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை!

அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாம்பிள் ரூமில் கோப்பைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டது போய், இப்போது பெற்ற தாயைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். இதென்ன கேடுகெட்ட புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கதையில் அந்த இன்ஸ்பெக்டரும் ஒரு இடத்தில் தப்பான ஆளைப் பிடித்துவிடுகிறாள். ஊர் முழுக்க அவன் முகத்தில் காறித் துப்பிய பிறகுதான், அவன் செய்யவில்லை என்று தெரிகிறது. நானும் அப்படி ஒரு நல்ல மனுஷர் மேல் பழி போடுகிறேனோ? அவளுக்குத் தோலில் ஏதாவது அரிப்பு இருக்கலாம். ரத்தசோகையால் குளிரலாம். ஆயிரம் இருக்கலாம். ஆனால் அதில் ஒன்றைக்கூட என் நாக்கு ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன், சிரித்துக்கொண்டே. ‘அங்க இப்ப எப்படி, வெயிலா மழையா?’

‘ஐயோ, கொளுத்துது அக்கா’ என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகு அவர் கண் ஒரு தடவை அவள் பக்கம் போய்த் திரும்பியது. ‘இவளுக்குத்தான் ஜலதோஷம், விடவே மாட்டேங்குது’ என்றார். அவள் தலையாட்டினாள்.

அப்போது நான் படுகு பாஷைக்கு மாறினேன். அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் படுகர் ஹட்டி. அந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான் நாங்கள் இரண்டு பேரும் மண்ணில் புரண்டு வளர்ந்தோம். சண்டை போடவும் ரகசியம் பேசவும் எங்களுக்கு அந்தப் பாஷைதான். ஹட்டியில் ஒரு கல்யாணமாம் என்று சொல்கிற மாதிரி, அதே சிரிப்போடு அவளிடம் கேட்டேன்: ‘கையில என்ன இருக்கு? அவன் அடிக்கிறானா?’

அவளும் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அதே பாஷையில், அதே கல்யாணக் கதை தொனியில் சொன்னாள்: ‘அம்மாகிட்ட கேளு.’

‘என்ன, அக்காவும் தங்கச்சியும் ரகசியமா?’ என்றார் மாப்பிள்ளை.

‘ரகசியமென்ன, பழைய சிநேகிதிக்குக் கல்யாணம்’ என்றேன். அம்மாவுக்கும் படுகு தெரியும். இத்தனை வருஷம் ஹட்டிக்காரர்களிடம்தான் உருளைக்கிழங்கும் பாலும் வாங்கியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி, எதிரில் அணைந்த அடுப்பு.  வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

‘நான்தான் போட்டுக்கச் சொன்னேன்’ என்றாள்.

கல்யாணமான மறுவருஷமே அடி தொடங்கியிருக்கிறது. முதல் தடவை தங்கை அழுதுகொண்டு அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி வரட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு யாராவது வருவார்கள், போதகரம்மாகூட வந்து போனில் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். கையில் கன்றிப்போயிருப்பதை யாராவது பார்த்துவிட்டால்? ‘ஸ்வெட்டரைப் போட்டுக்க சாமி. நம்ம ஊர்ல அதை யாரு கேக்கப் போறா?’

யாரும் கேட்கவில்லை. அம்மாவின் கணக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பிசகவே இல்லை.

 ‘நீயெல்லாம் ஒரு தாயா?’ என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. திறக்கட்டும்! ‘அடிபட்டுக்கிட்டு வந்தவளைக் கையை மூடிக்கன்னு சொல்லியிருக்கியே, உனக்கு மனசு எப்படிம்மா வந்துச்சு?’

அம்மா அழவில்லை. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். ‘ஒருத்தி வந்து உக்காந்ததுக்கே நான் இன்னும் பொய் சொல்லிட்டிருக்கறேன். ரெண்டாவது ஒருத்தியும் வந்தா என்னத்தச் சொல்லுவேன்?’ என்றாள்.

   நான் திரும்பி வந்ததை அம்மா ஜீரணித்துவிட்டாள் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். எல்லோரையும் முகர்ந்து பார்த்தவள், தினமும் எனக்குச் சோறு போட்ட கையை மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், வேலை நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். கூட வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரம்மாவின் போன். தன்னுடைய போனை மாப்பிள்ளை தினமும் எடுத்துப் பார்ப்பாராம்.

‘போலீஸுக்குப் போ. இன்னைக்கே அந்த ஊட்ட விட்டு வெளியில வா’ என்றேன்.

‘போறதுக்கு இடமெல்லாம் இருக்குக்கா. விசா விஷயத்தைக்கூட இந்தம்மா வக்கீல்கிட்ட விசாரிச்சு வெச்சிருக்காங்க. நான் சரின்னு சொன்னா கார் எடுத்துட்டு வந்துடுவாங்க.’

‘அப்புறம் என்னடி?’

 ‘அம்மா வான்னு சொல்லணும்’ என்றாள். ‘நீ சொன்னாப் பத்தாதுக்கா. நீ அம்மாவை எதிர்த்துட்டுப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டே. எனக்கு அது வராது. அம்மா ஒரு வார்த்தை வான்னு சொல்லிட்டா நான் அந்த நிமிஷமே கெளம்பிடுவேன்.’

இதுதான் விஷயம். அங்கே கார் தயார், இடம் தயார், வக்கீல் தயார். இங்கே ஒரு கிழவியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். அது வராவிட்டால் என் தங்கை அந்த வீட்டிலேயே இருப்பாள், இன்னும் எத்தனை நாளைக்கு உயிரோடு இருப்பாள் என்று தெரியாது. கதையில் அந்தக் கோச்சின் மனைவி என்ன ஆனாள் என்பது வரைக்கும் நான் படித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் புத்தகத்தை மூடினேன்.

நானும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் சோறு வைத்தாள், நான் சாப்பிட்டேன். புதன்கிழமை பெண்கள் கூட்டத்துக்குப் போய் வந்தாள். அங்கே யாரிடம் என்ன பேசினாளோ, எனக்குத் தெரியாது. அவள் போன் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், மாப்பிள்ளைக்கே கூப்பிட்டு எச்சரித்துவிடுவாளோ என்று பயம். ஆமாம், அவ்வளவு தூரம் போய்விட்டேன். சனிக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தங்கை சொன்னதைச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்: ‘நான் வாடகைக்கு ஒரு ஊடு பாத்துட்டுப் போயிடறேன். அப்ப இங்க ஒருத்திதான் இருப்பா. நீ புதுசா எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. அவளை மட்டும் வரச் சொல்லிடு.’

அம்மா மடித்த துணியை உதறி, மறுபடியும் மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அன்றைக்கு அந்த வெள்ளைக்காரம்மா அங்கே சாப்பிட வந்திருந்தார். தங்கைதான் கூப்பிட்டிருந்தாள். வெள்ளை முடியும் பெரிய தோளுமாக, பின்னால் மேஜையில் உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தார். விருந்தாளி இருந்ததால் மாப்பிள்ளை கூடுதல் உற்சாகமாக இருந்தார். போன் வழக்கம்போல அவர் கையில். தங்கை வழக்கம்போல ஸ்வெட்டரில்.

அம்மாவும் வழக்கம்போலப் பேசினாள். இங்கே பனி கொட்டுகிறதென்றாள். புதுப் போதகர் பிரசங்கத்தை இழுக்கிறாரென்றாள். அங்கே கறி என்ன விலை என்று கேட்டாள். மாப்பிள்ளை விலை சொன்னார்.  இவள் சொல்ல மாட்டாள், கறி விலை கேட்டுவிட்டு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பெற்ற தாய் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ‘சரிங்க அத்தை, அடுத்த வாரம் பேசுவோம்’ என்று மாப்பிள்ளை கையை ஆட்டினார்.

அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

‘வா சாமி’ என்றாள். ‘ஊட்டுக்கு வந்துரு. பொறுத்தது போதும். உங்க அக்காளும் இங்கதான் இருக்கறா, அவ எங்கயும் போகலை. ரெண்டு பேருக்கும் எடம் இருக்குது.’

மாப்பிள்ளை சிரித்தார். ‘என்ன அத்தை, திடீர்னு? எங்களுக்கு இப்ப லீவெல்லாம் கெடைக்காதே.’

‘உங்களைக் கூப்பிடலீங்க மாப்பிள்ளை’ என்றாள் அம்மா. ‘என்ற பொண்ணைத்தான் கூப்பிட்டேன்.’

தங்கை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.